சின்னராசாவின்ரை திதி

கப்பல் கொம்பனியின்ரை சரித்திரத்தை அழியாமல் காப்பாத்தினவன் எண்டு என்னைச் சிலபேர் மேடையிலை ஏத்தி மாலை போட்டிருக்கினம். காப்பாத்தின லட்சணத்தை நானே சொல்லுறன். பழைய பதிவுகளோடை வேலை செய்யிற இளம் பிள்ளையள் வாசிக்கவேணும்.

1. தந்தி

ஐம்பத்தாறிலை காங்கேசன்துறைக் கந்தோரிலை கிளாக்கராய்ச் சேர்ந்தன். நான் தோட்டக்காரன்ரை மகன். கடலிலை கால் நனைச்சாலே தலை சுத்தும். கொம்பனியிட்டை அப்ப நாலு பாய்க்கப்பல். இரங்கூனுக்குப் போய் அரிசியும் தேக்கும் ஏத்திக்கொண்டு வருங்கள்.

சேர்ந்து ரண்டாம் வருசம், ஆவணிக் கடைசியிலை இரங்கூனிலையிருந்து ஒரு தந்தி வந்தது. கப்பல் கரை சேர்ந்தது, வழியிலை மாலுமி சின்னராசா கடலிலை விழுந்து போனான். அவ்வளவுதான். எண்டைக்கு விழுந்தவன் எண்டு இல்லை. மயிலிட்டியிலை அவன்ரை வீட்டுக்குப் போய்ச் சொல்ல முதலாளி என்னைத்தான் அனுப்பினார்.

சின்னராசாவின்ரை பெண்சாதி நாகேஸ்வரிக்கு இருவது வயசும் இராது. கையிலை பால்குடிப் பிள்ளை. "எண்டைக்கு நடந்தது தம்பி?" எண்டு அவவின்ரை தேப்பன் கேட்டார். "இண்டைக்குத்தான் தந்தி வந்தது" எண்டன். வீடு முழுக்கக் குழறத் தொடங்க, நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடியே வந்திட்டன். அவை அந்த நாளையே செத்த நாளாய் எடுத்து, வருசா வருசம் அந்தத் திதியிலை திவசம் குடுத்து வந்தினம்.

2. மலர்

எழுபதுகளிலை கொம்பனி படுத்திட்டுது. கப்பலெல்லாம் வித்தாச்சு. முதலாளிக்கு அது தாங்கேலாமல் கிடந்தது. ஒருநாள் கூப்பிட்டு, "இஞ்சை பாரும் காணும், கப்பல்தான் போச்சு, பேராவது நிக்கட்டும். ஒரு நினைவு மலர் போடுவம். நீர்தான் எழுதவேணும்" எண்டார்.

அலுமாரி நிறைய லொக் புத்தகங்கள் கிடந்தது. கப்பல் தலைவனைத் தண்டையல் எண்டுதான் சொல்லுறது. ஒவ்வொரு தண்டையலும் காத்து, திசை, அண்டண்டைக்கு நடந்தது எல்லாம் எழுதி வைச்ச கொப்பியள். ஒரு வருசம் இருந்து வாசிச்சன். எல்லாம் மொட்டைத் தமிழ். "சோளகக் காத்துப் பலம். பாய் கிழிஞ்சது. தைச்சம்." எனக்கெண்டால் பெரிய எழுத்தாளன் எண்ட நினைப்பு. ஒவ்வொரு வசனத்துக்கும் நகைநட்டுப் போட்டு, கலியாணப் பொம்பிளை மாதிரிச் சோடிச்சு எழுதினன்.

அப்பிடி வாசிக்கேக்கைதான் சின்னராசா விழுந்த பக்கம் வந்தது. திகதி, தந்தி வந்த நாளுக்குக் கன நாள் முந்தி. ஐயோ, பிழையான நாளைச் சொல்லிப்போட்டு வந்திட்டனே எண்டு அப்பத்தான் விளங்கிச்சு. மயிலிட்டிக்குச் சைக்கிளிலை இருவது நிமிசம். மலர் முடியட்டும், போவம் எண்டு விட்டன். போகேல்லை. என்ரை அப்புவின்ரை திதியை ஒரு வருசமும் தவறவிடாத நான்தான் போகேல்லை. அந்தப் பக்கத்தையும் என்ரை பாணியிலை எழுதி வைச்சன்.

முதலாளி படிச்சுப் பாத்தார். "சாவெல்லாம் ஏன் காணும் இதுக்குள்ளை? உது மலர். செத்தவீட்டிலை அச்சடிச்சுக் குடுக்கிற கல்வெட்டில்லை." வெட்டிப்போட்டன்.

மலர் வந்தது, நல்ல பேர். பிறகு கந்தோர்க் கட்டடத்தை விடவேண்டி வந்தது. "சரித்திரந்தான் புத்தகமாய் வந்திட்டுதே, உந்தக் கறையான் தின்ற கொப்பியள் என்னத்துக்கு?" எண்டார் முதலாளி. எனக்கும் அது சரியாய்த்தான் பட்டது. பின்வளவிலை குவிச்சு நெருப்பு வைச்சது நான்தான். நான் எழுதின பிரதியும் அச்சுக்கூடத்தோடை போச்சு.

3. நாகேஸ்வரி

எண்பதுகளின்ரை தொடக்கம். நான் வேலை விட்டு வீட்டோடை இருந்தன். ஒரு காலமை நாகேஸ்வரி மலரும் கையுமாய் வந்தா.

"கிளாக்கர் அண்ணை, இவர் போன கப்பலின்ரை பழைய தண்டையல் சாகமுதல் கூப்பிட்டுச் சொன்னவர். இவர் விழுந்தது தந்தி வாறதுக்குக் கன நாள் முந்தியாம். லொக் புத்தகத்திலை எழுதினனான், கந்தோரிலை கேள் எண்டவர். இந்த மலரை முழுக்க வாசிப்பிச்சுப் பாத்தன். இவரின்ரை பேரே இல்லை."

கொப்பியளை எரிச்ச கதையையும், திகதி ஞாபகமில்லாததையும் சொன்னன். "ஆடி அமாவாசைக்குக் கீரிமலைத் தீர்த்தத்திலை செய்யலாந்தானே தங்கச்சி" எண்டு பெரிய ஞானி மாதிரிச் சொன்னன்.

"அது எல்லாரின்ரை தேப்பன்மாருக்கும் பொது நாள் அண்ணை. இவருக்கு எரிக்க உடம்பும் கிடைக்கேல்லை. ஒரு நாளாவது சொந்தமாய் இருக்கக்கூடாதே? இவ்வளவு வருசமும் பிழையான நாளிலை படைச்சுப்போட்டுக் கூப்பிட்டிருக்கிறன். வந்திருப்பாரே?"

எனக்குச் செத்துப்போகலாம் போலை இருந்தது.

"வளர்பிறையோ தேய்பிறையோ எண்டாவது ஞாபகம் இருக்கே? ஆவணி எண்டது தெரியும். பிறை தெரிஞ்சால் மிச்சத்தைத் தான் பாக்கிறனெண்டு ஐயர் சொன்னவர்."

கண்ணை மூடிக்கொண்டு யோசிச்சன். அந்தப் பக்கம் வந்தது. "நிலவில்லாத இருட்டு. மூண்டு மணித்தியாலம் தேடினம். ஆளைக் காணேல்லை." அப்பிடியே வாயாலை சொல்லிப்போட்டன்.

"அப்ப தேய்பிறை!" எண்டு எழும்பினா. "இது காணும் அண்ணை, இது காணும்" எண்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டா.

அவ வாசல் படலையடிக்குப் போகேக்கைதான் எனக்கு உறைச்சது. மூண்டு மணித்தியாலம் தேடினம் எண்டது தண்டையலின்ரை தமிழ். நிலவில்லாத இருட்டு? அந்த மனுசன் உப்பிடி எழுதுவாரே? மலருக்கெண்டு நான் சோடிச்சதாயும் இருக்கலாம். "தங்கச்சி!" எண்டு கூப்பிட்டன். திரும்பிப் பாத்தா. அந்த முகத்திலை அப்பிடியொரு சிரிப்பை நான் அதுக்கு முன்னம் கண்டதில்லை. "பாத்துப் போ" எண்டு மட்டும் சொன்னன்.

பிள்ளையள், மொட்டையாய் எழுதியிருந்தால் மொட்டையாயே பாத்து எழுதுங்கோ. செத்தவையின்ரை பேரையும் திகதியையும் முதல்லை எழுதிப்போட்டு மற்றதைத் தொடுங்கோ. மயிலிட்டியிலை இப்ப ஆவணித் தேய்பிறையிலைதான் சின்னராசாவுக்குப் படைக்கினம். அது அவன் விழுந்த இருட்டோ, நான் எழுதின இருட்டோ, இண்டுவரைக்கும் எனக்குத் தெரியாது.