கவிழ்த்துப் போட்ட பெட்டி

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப் போனது. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த சமயம், வேலை கேட்டு அலைந்தே நான் ஓய்ந்துபோயிருந்தேன். போடிமெட்டு எஸ்டேட் கங்காணி நான் நடப்பதைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார். அதனால் போடியில் ஏலக்காய் சேர்த்து வைக்கும் கிட்டங்கிக்குப் போனபோது, சேலையை இறக்கிக் கட்டி, வாசலில் நின்றபடியே வேலை கேட்டேன். கிடைத்தது.

அங்கே பெண்கள் வரிசையாகச் சம்மணம் போட்டு, மடியில் முறத்தை வைத்துக் காய் பொறுக்குவார்கள். நான் எல்லோரும் வருவதற்கு முன்பே வந்து உட்காருவேன். எல்லோரும் போன பிறகுதான் எழுவேன். நடுவில் எழ வேண்டிவருமே என்று தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வலியில் பகல் நகரவே நகராது.

பத்தாம் நாள் கால் மரத்துப்போய் அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டேன். பிரித்து வைத்திருந்த பச்சைக்காயும் வெடித்த காயும் ஒன்றாகக் கலந்துபோயின. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சியக்கா எழுந்துபோய், ஒரு காலி மரப்பெட்டியை இழுத்து வந்து கவிழ்த்துப் போட்டார்.

"இதுல உக்காரு ஆத்தா. மொத நாளே மொதலாளி ஒனக்குன்னு எடுத்து வைக்கச் சொல்லிட்டாரு."

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

"நீ அம்புட்டுப் பாடுபட்டு மறைக்கிறே. எந்த வாயால சொல்ல?"

பெட்டியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். கலந்த காயைப் பிரிக்கக் குனிந்தபோது குப்பென்று ஏலக்காய் மணத்தது. பத்து நாளும் அந்த அறையில்தான் இருந்திருக்கிறேன்.