அத்தை எந்திரிக்காமல் அடித்த நூறு

டெஸ்ட் மேட்ச் என்றால் இன்றைக்கும் அஞ்சு நாளும் டிவி முன்னால் உட்காருவேன். நாலாங்கிளாஸோடு நின்றவள்தான், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஒருத்தன் நூறு அடித்தால் அது எப்பேர்ப்பட்ட நூறு என்று எனக்குச் சொல்லத் தெரியும். ரோடு மாதிரிக் கிடக்கிற தரையில் ஓய்ந்துபோன பந்தை அடித்தாலும் போர்டில் நூறு என்றுதான் விழும். அதெல்லாம் எனக்குக் கணக்கில் இல்லை. நான் அறிந்ததில் பெரிய நூறு, கண்ணால் பார்க்காத ஒன்று. சின்னமனூர்ப் பக்கம் எங்கள் வீட்டு அடுப்படியில், எட்டு வயதில், ரேடியோவில் கேட்டது.

அப்போதெல்லாம் பொங்கலை ஒட்டி மெட்ராஸில் டெஸ்ட் நடக்கும். ரேடியோவில் தமிழிலேயே சொல்வார்கள். அப்பா டிரான்சிஸ்டர் வாங்கியது விவசாயச் செய்தி கேட்க. அதைக் கைப்பற்றியது அத்தை, அப்பாவின் தங்கை. களத்தில் நெல் காயும்போது காக்காய் விரட்ட உட்கார்ந்தவர், ரேடியோவைக் காதோடு வைத்தே ஆட்டத்தை முழுக்கக் கற்றுக்கொண்டார். மைதானத்தைப் பார்த்ததில்லை, மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் களத்து மண்ணில் கோடு போட்டு, நெல்மணிகளை ஆட்களாய் நிறுத்தி, யார் எங்கே நிற்கிறார் என்று எனக்குக் காட்டுவார்.

அந்தத் தை மாதம் அத்தையைப் பெண் பார்க்க வடுகபட்டியிலிருந்து வந்தார்கள். அதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் கேசரி தின்றுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள்தான். இதுவும் தட்டிப்போனால் பெண்ணிடம்தான் ஏதோ குறை என்று ஊர் முடிவுகட்டிவிடும். அந்தக் கவலையில் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் பிடித்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டுச் சுமங்கலி ஒருத்தி பெண்ணின் தலையில் பூ வைப்பாள். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் பூ ஏறியாக வேண்டும்.

மெட்ராஸில் அன்றைக்குத்தான் ஆட்டத்தின் கடைசி நாள். அதுவும் ஏறக்குறைய அந்த நேரத்துக்குத்தான் முடியும். நம்ம ஆட்கள் வரிசையாகப் போய்விட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் இறங்கிய ஒருத்தர் மட்டும் தொண்ணூற்றெட்டில் நிற்கிறார். எதிரே கடைசி ஆள். பந்து போட மட்டும் தெரிந்தவர். ஜெயிக்க வழியே இல்லை. முடிகிற வரைக்கும் நின்றால் தோற்காமல் தப்பலாம்.

அத்தை பட்டுச்சேலை கட்டி, அடுப்படியில் மணைப்பலகை மேல் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அதே மணை. நடுவில் தண்ணீர் மொள்ள எழுந்தார், ஒரு விக்கெட் விழுந்தது. சந்தேகம் தீர இன்னொரு தடவை எழுந்து பார்த்தார், இன்னொன்றும் விழுந்தது. அதோடு சரி. அம்மா அவருக்குத் தலைவாரி நகை பூட்டியதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயேதான்.

"ஏ ஆத்தா, ஒனக்குப் புண்ணியமாப் போகும், எந்திரி. காப்பி ஆறுது" என்று அம்மா கெஞ்சினார்.

"நான் எந்திரிச்சா அவரு அவுட்டு மதினி."

கூடத்தில் அப்பா என் காதைப் பிடிக்காத குறையாய், "ஏ புள்ள, அத்தைய வெரசா வரச்சொல்லு" என்றார். ஓடினேன். அத்தை, "இப்ப வரமுடியாதுன்னு சொல்லு" என்றார். யாரிடம் சொல்வது என்று சொல்லவில்லை. கூடத்து நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்.

"அத்தை இப்ப வரமாட்டாக. இன்னும் ரெண்டு ரன் இருக்கு."

அப்பா சுவரில் சாய்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். வெறும் நெற்றி, வெளுத்த சேலை. மகன் நடை பழகும் முன்பே புருசனை இழந்தவர். தனியாளாய்ப் பூண்டு யாவாரம் பார்த்து மகனை ஆளாக்கியவர். பூ வைப்பதற்கென்று தன் நாத்தனாரைக் கூட்டி வந்திருந்தார்.

அடுப்படி வாசலில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். வருங்கால மாமியார் நிற்க, அத்தை உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கங்க அத்தை. நான் அசைஞ்சா அவரு அவுட்டாயிருவாரு."

"யாரு அவரு?"

அத்தை சொன்னார். அந்த அம்மா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்துலருந்தா நிக்கிறான்? கஞ்சி குடிச்சானா?"

"நடுவுல சாப்பாட்டுக்கு விட்டாக."

"கூட இருந்தவுகல்லாம்?"

"எல்லாரும் போயிட்டாக. இவரு போனா எல்லாம் போச்சு."

"ஜெயிக்க மாட்டானா?"

"மாட்டாரு. தோக்காம நிக்கலாம்."

அந்த அம்மா காலை மடக்கிப் படியில் அழுந்த உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏ புள்ள, நீயும் அசையாத" என்றார்.

பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. ரேடியோவுக்குள் மெட்ராஸே கைதட்டியது. நான் குதித்தேன். அம்மா தாவிக் காப்பித் தம்ளரை எடுத்தார். அத்தை எழவில்லை.

"அதான் நூறு ஆயிருச்சுல்ல?" என்றார் அம்மா.

"நூறுக்காக அவரு நிக்கல மதினி. முடியிற வரைக்கும் நிக்கணும்."

"ஆமா, ஒண்டியா நிக்கிறவன் பாதியில விட்டுட்டு வர முடியுமா?" என்றார் வடுகபட்டி அம்மா. கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ நாத்தனா, பூவ இங்கன கொண்டாந்து வச்சுவிடு."

"பொண்ணு இருக்க எடத்துக்கு நான் போகணுமாக்கும்? நல்லாருக்கு மொறை!" என்று அங்கிருந்து பதில் வந்தது. ஆள் வரவில்லை.

நாலரைக்குக் கொஞ்சம்தான் இருந்தது. அந்த அம்மா தானே போய்த் தட்டிலிருந்து பூச்சரத்தை எடுத்து வந்தார். அம்மாவின் கையில் தம்ளர் அப்படியே நின்றது. வடுகபட்டி அம்மா அத்தையின் பின்னால் மண்டியிட்டார். ஊசி சரியாகக் குத்தவில்லை. சரம் ஒருபக்கமாய்த் தொங்கியது.

"நான் வச்சா ஏத்துக்கிருவியா ஆத்தா?"

"நீங்கதான் அத்தை வைக்கணும்."

"அப்ப எந்திரிக்காத. அவன் முடிக்கட்டும்."

மெட்ராஸில் கடைசிப் பந்தையும் அவர் தடுத்தார். அதற்குப் பிறகுதான் அத்தை மணையை விட்டு எழுந்து அந்த அம்மாவின் காலில் விழுந்தார். அம்மாவும் சேர்ந்து மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மாப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் சிரித்தார். அவருக்குக் கிரிக்கெட் அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

"அதான் அவுட்டாகலைல்ல, ஏன் அழுவுறீக?" என்று கேட்டேன். என் கையில் கேசரியை வைத்து அழுத்தினார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெருமையாய்ச் சொன்னேன்: மெட்ராஸில் நம்ம ஆள் நின்ற நிலைக்கு, ஆட்டமே தெரியாத வடுகபட்டி அம்மாகூட அழுதுட்டாக என்று.