லொறி பல்பும் என் மொபெட் வெளிச்சமும்

பிள்ளைகளே, கவிதா, சுதன்! நான் மொபெட்டுக்கு வெளிச்சம் கூட்டிய கதையை உங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். பாதிதான் சொன்னேன். லொறி டிரைவர் செல்லமுத்து அண்ணனுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை. இப்போது நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

1

தொண்ணூறுகளின் கடைசியில் அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் நான் எலக்ட்ரீஷன். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து பெக்டரிக்கு மூன்று மைல். காலையில் கொழுந்து உருட்டும் ரோலர் ஓடுவதற்கு முன்னால் மோட்டரைப் பார்க்க வேண்டும். அந்த நேரம் மலை முழுக்க மூடுபனி. மொபெட்டில் இருந்தது ஆறு வோல்ட், பதினைந்து வாட் பல்ப். பனிக்குள் அது எரிகிறதா என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நாள் ரோட்டில் படுத்திருந்த மாட்டில் கொண்டுபோய் மோதினேன். மாட்டுக்கு ஒன்றுமில்லை, என் முழங்கால்தான் போனது.

அடுத்த வாரம் பதுளையில் ஒரு பார்ட்ஸ் கடையில் இருபத்தைந்து வாட் பல்ப் இரண்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கை விரித்து வேலை தொடங்கினேன். பல்பை மட்டும் மாற்றினால் போதாது. மொபெட் கொயில் கொடுக்கிற கரண்டு கொஞ்சம்தான், அது துருவிலும் பழைய வயரிலும் வீணாகக் கூடாது. ஹோல்டரைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். தடித்த வயர் போட்டேன். எர்த்துக்குத் தனி வயர் இழுத்து இஞ்சினிலேயே முறுக்கினேன். எக்சலேட்டரைத் திருகியதும் எதிர் லயத்துச் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. கையை விட்டால் மங்கும், அது மொபெட்டின் குணம். "யார் வீட்டுல கல்யாணம்?" என்று எதிர் லயத்தில் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குப் பெருமைதான்.

2

செவ்வாய்க்கிழமை டீ மேக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பெக்டரிக்கு அவர்தான் பெரியவர், யாழ்ப்பாணத்துக்காரர், சாமான் அறைச் சாவியும் அவரிடம்தான். மேசை மேல் லொறி ஹெட்லைட் பல்பின் அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. லொறியின் வலது பக்க லைட் போய்விட்டது என்று செல்லமுத்து அண்ணனுக்கு அன்று காலை புது பல்ப் கொடுத்திருக்கிறார். அவர் போய்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கருகிப்போன பல்ப். யாரோ நல்லதை எடுத்துக்கொண்டு செத்ததை வைத்துவிட்டார்கள் என்பது ஐயாவின் கணக்கு.

"உம்மட மொபெட் இப்ப நல்லா எரியுதாம்," என்றார்.

பதுளையில் வாங்கினேன் என்றேன். கடை பில் துண்டு கேட்டார், அது இல்லை. லொறி பல்ப் இருபத்துநாலு வோல்ட், மொபெட்டில் போட்டால் சிவக்கக்கூட மாட்டாது என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீர் வயர் வேலை தெரிஞ்ச ஆள். ஆறை இருபத்துநாலாக்க உமக்குத் தெரியாதோ?"

சனிக்கிழமை தோட்டத்து மேனேஜர் தொரை வந்து விசாரிப்பார் என்றார். விசாரணையில் பேர் வெட்டினால் வேலை மட்டுமல்ல, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். கவிதா அப்போது கைக்குழந்தை.

"அப்ப ஆர் எடுத்தது? சொல்லும்."

நான் சொன்னேன். "பெட்டியைத் திறந்தவரே செல்லமுத்து அண்ணன்தானுங்களே. லொறி பல்பு அவருக்குத்தானே தேவை."

இவ்வளவுதான் சொன்னேன். அன்று பின்னேரமே செல்லமுத்து அண்ணனிடமிருந்து லொறிச் சாவியை வாங்கி, விசாரணை வரைக்கும் விறகு அடுக்க விட்டுவிட்டார்கள்.

சொன்ன பிறகு எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. அவர் வேலை முடிந்து போகும்போது பையில் என்ன புடைத்திருக்கிறது என்று பார்த்தேன். அவர் பண்டாரவளைக்குப் போய் வந்தார் என்று கேள்விப்பட்டதும் பல்பை விற்கத்தான் போயிருப்பார் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

பார்க்கவில்லை என்றேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குள் தண்ணீர்ப் பைப்படியில் என்னைப் பற்றியும் பேச்சு. நான் மொபெட்டின் தலையில் சாக்கைப் போட்டு மூடி வைத்தேன்.

3

வியாழக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் ஒரு பள்ளத்தில் விழுந்து ஹெட்லைட் பல்பின் இழை அறுந்தது. முன் பல்ப் போனால் கொயில் கரண்டு முழுவதும் பின் பல்புக்குப் போகும், அதுவும் அப்போதே போய்விட்டது. வீட்டில் இருந்த இரண்டாவது பல்பை எடுத்து மாட்டினேன். கழற்றிய செத்த பல்பை, புதுசு வந்த பெட்டிக்குள் போட்டு மூடியைச் செருகினேன்.

செருகியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அது பெக்டரிப் பழக்கம். செத்த பல்பைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுசு எடுத்த கணக்கு நேராகும். உடையாமல் இருக்க, புதுசு வந்த பெட்டியிலேயே செத்ததைப் போட்டுக் கொடுப்போம். நாலு மாதத்துக்கு முன்னால் செல்லமுத்து அண்ணன் மகள் கல்யாணத்துக்கு லீவு போயிருந்தார். கொழுந்து மலையாகக் குவிந்து கிடந்த நாள். லொறியின் இடது லைட் எரியவில்லை என்று ஐயா சாமான் அறைச் சாவியை என்னிடம் வீசி, நீரே எடுத்துப் போடும், பிறகு சாமான் புத்தகத்தில் எழுதலாம் என்றார். போட்டேன். செத்த பல்புப் பெட்டியைக் கீழே உள்ள மரப்பெட்டியில் போடாமல் புதுசு இருக்கும் தட்டிலேயே வைத்துவிட்டு ஓடினேன். அவரும் எழுதவில்லை. நானும் மறந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பெக்டரிக்குப் போனதும் லொறியின் இடது பல்பைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடி தெளிவாக, புதுசாக இருந்தது. திரும்ப மாட்டினேன். ஐயா அண்ணனுக்குக் கொடுத்தது நான் தட்டில் வைத்த செத்த பல்ப், திருட்டே நடக்கவில்லை; அதைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பேசாமல் இருந்தால் சனிக்கிழமை என் காம்பரா தப்பும், செல்லமுத்து அண்ணன் காம்பரா போகும். லொறியைச் சுற்றி இரண்டு தடவை நடந்திருப்பேன். பிறகு ஐயாவிடம் போய்ச் சொன்னேன்.

அவர் புத்தகத்தைப் புரட்டினார். அந்தத் திகதியில் ஒன்றும் இல்லை. பிறகு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"நான் எழுதாம விட்டது எண்டு தொரையிட்டச் சொல்லப்போறீரோ?"

"இல்லீங்க. பெட்டியை மாத்தி வச்சது நான். அதை மட்டும் சொல்றேன்."

சனிக்கிழமை விசாரணையில் தொரை ஏசினார், ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். பேர் வெட்டவில்லை. செல்லமுத்து அண்ணனுக்கு லொறிச் சாவி திரும்பக் கிடைத்தது. வெளியே விறகு அடுக்கின் பக்கத்தில் அவர் என்னை நிறுத்தினார்.

"தம்பி, என் பேரைச் சொன்னது யாருன்னு ஐயாகிட்ட கேட்டேன். அவரு சொல்லல."

"நான்தாண்ணே."

"தெரியும். இந்த நாலு நாளும் எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. நீ மட்டும் என் பையைப் பாத்த."

திட்டவில்லை. போய் லொறியில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு வழியில் கண்டால் முன்பு போல ஹோர்ன் அடிப்பதும் இல்லை.

பிள்ளைகளே, வேலை இடத்தில் ஒரு சாமான் காணவில்லை என்றால் முதலில் உங்கள் கை என்ன செய்தது என்று யோசியுங்கள். அடுத்தவன் பேர் வாயில் வந்தால், கண்ணால் பார்த்தேனா என்று உங்கள் அம்மா கேட்டது போல உங்களையே கேளுங்கள். பயத்தில் இருப்பவனுக்கு எவனும் கள்ளனாகத்தான் தெரிவான். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை நான் வழக்கத்தைவிட முன்னதாகப் பெக்டரிக்குப் போனேன். காவல்கார வாட்சர் பின்பக்கம் இருந்தார், வேறு யாரும் இல்லை. லொறி வெளியே பனியில் நனைந்து நின்றது. என் தோள் துண்டை எடுத்து அதன் இரண்டு ஹெட்லைட் கண்ணாடியையும், பிறகு ஏறி நின்று முன் கண்ணாடி முழுவதையும் துடைத்தேன். ஓரத்தில் ஒட்டியிருந்த இலையையும் எடுத்துப் போட்டேன். துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, செல்லமுத்து அண்ணன் வருவதற்குள் மோட்டர் அறைக்குள் போய்விட்டேன்.