காயாத கறுப்பு

என் கணவருக்கு அடிக்க நேரம் காலம் கிடையாது. சோறு குழைந்தால் அடி, கரண்ட் போனால் அடி. ஏற்காட்டில் எங்களுக்குக் கடையும் வீடும் ஒன்றுதான், ஓடக்கூட இடமில்லை.

எஸ்டேட்காரர்களுக்குத் துணிப்பையில் பெயர் அச்சடித்துக் கொடுத்தோம். எழுத்தை இங்க்ஜெட் பிரிண்டரில், கண்ணாடி போன்ற ஃபிலிம் தாளில் எடுப்பது என் வேலை. அதை வெளிச்சத்தில் வைத்து, எழுத்து மட்டும் திறந்திருக்கும் ஸ்கிரீன் வலை செய்து, பையில் மை இழுப்பது அவர் வேலை. ஃபிலிமில் எழுத்து கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். கொஞ்சம் வெளிச்சம் கசிந்தாலும் ஸ்கிரீனில் அந்த இடம் அடைத்துக்கொண்டு, பையில் எழுத்து அரைகுறையாக விழும்.

ஒருமுறை அப்படி விழுந்து, பைகள் அத்தனையும் திரும்பி வந்தன. என் முடியைப் பிடித்துத் தலையை மேசையில் மோதினார். மாரமங்கலத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு அடையாளமுங் காணோமே கண்ணு. கோவத்துல ரெண்டு தட்டு தட்டியிருப்பாரு."

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டார்கள். என் கறுப்புத் தோலில் அடியின் தடம் தெரியாது. அந்த மனுஷனுக்கு அது நன்றாகத் தெரியும்.

அடுத்த ஃபிலிமுக்கு பிரிண்டர் செட்டிங்கில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். சாதாரணத் தாள் என்று இருந்ததைப் பளபளக்கும் போட்டோ தாள் என்று மாற்றினேன். தரத்தை உச்சத்தில் வைத்தேன். மையின் அடர்த்தியைக் கடைசிவரை தள்ளினேன். கறுப்போடு கலர் மைகளும் சேர்ந்து இறங்கட்டும் என்று விட்டேன். தார் ஊற்றியதுபோல் வந்தது. பல்புக்கு நேரே பிடித்தால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஜாடி உப்பே கரைகிற பனிமூட்டம் அது. மை எங்கே காயும்? கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்.

அவர் வந்து கையை நீட்டினார்.

"ஏனுங்க, தொடாதீங்க. இன்னும் காயலைங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

உள்ளங்கை முழுவதையும் வைத்துத் தேய்த்தார். எழுத்தெல்லாம் ஒரே தீற்றலாகிவிட்டது. கெடுத்தது அவர், அறை விழுந்தது எனக்கு. மேசை முனையில் வாய் மோதி, உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

அவர் கை கழுவப் போனதும் கண்ணாடியைப் பார்த்தேன். கன்னத்தில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன, மோதிரம் இருந்த இடம் உட்பட. சோப்பை எடுத்த கை நின்றது. அதை வைத்துவிட்டு, பர்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பெண்மணி பதறிப்போய்க் கேட்டார்: "யாரு சாமி இப்பிடிப் பண்ணுனது?"

"எங்க ஊட்டுக்காரருங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

வீட்டில் அம்மா ஈரத்துணியோடு ஓடி வந்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

"தொடைக்காதீங்கம்மா. அப்பா பாக்கட்டும்."

அப்பா பார்த்தார். அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே அப்பா பக்கம் திரும்பினாள்.

"உங்க கை ஒருநாளும் இப்பிடி ஒட்டலைங்களே."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சாயங்கால பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. யாரும் என்னை ஏறச் சொல்லவில்லை.