அருவிக்குப் போன கால்

சவுனிதங்கி அருவியிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில்தான் உனைசி பிறந்து வளர்ந்தாள். மணமுடித்ததும் மகனைப் பெற்றதும் கணவனை அடக்கம் செய்ததும் அங்கேயே. ஆயினும் அந்த அருவியை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பிஜிக்கு வரும் வெள்ளைக்காரர்கள் விமானத்தைவிட்டு இறங்கியதும் விசாரிக்கும் முதல் பெயர் அது. சந்தையில் அவள் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் விற்ற மேசைக்கு மேலே, பழைய நாட்காட்டியிலிருந்து கிழித்த அருவிப்படம் ஒன்று தொங்கியது. புகை படிந்து படிந்து அதில் தண்ணீர் தேநீரின் நிறத்தை அடைந்திருந்தது.

"அது எங்க ஓடிடப் போகுது, டீச்சர்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பாள்.

பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னும் நான் மதிய உணவை அவளிடமே வாங்கிவந்தேன். எனவே இந்த விடையை எத்தனை ஆண்டுகள் கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

சர்க்கரை நோய் முதலில் அவளுடைய இடது காலின் சுண்டுவிரலைக் கொண்டுபோயிற்று. பிறகு பாதத்தில் ஆறாத புண் ஒன்று தங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றும், ஈஸ்டர் கழிந்ததும் வந்துவிட வேண்டும் என்றும் மருத்துவர் கூறியபோது, அவள் அழவில்லை. சந்தைக்குத் திரும்பி வந்து, மீன் வெட்டும் கத்தியைக் கழுவித் துடைத்து, படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்கு முன்னாடி போயிடணும், டீச்சர். ரெண்டு கால்லயும் நடந்து போய்ப் பாக்கணும். நொண்டிக்கிட்டுப் போய் நின்னா அது என்னை எப்படி அடையாளம் கண்டுக்கும்?"

அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சில்லை. எந்தப் பேருந்து, எங்கே இறங்குவது, காட்டுவழியில் எந்த மரத்தடியில் உட்கார்வது என்று திட்டமிட்டுக்கொண்டே இருந்தாள். கட்டுப்போட்ட பாதம் நுழைவதற்காக மகனுடைய பெரிய செருப்பை எடுத்து வைத்தாள். அருவியூராருக்குக் காணிக்கையாக வைக்கவேண்டிய, இடித்து நீரில் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரை ஒவ்வொரு கடையிலும் முகர்ந்து பார்த்துத் தேர்ந்தாள். அந்த வேரை ஊரார் கையில் பெற்று, கைதட்டி ஏற்றுக்கொண்ட பின்னர்தான் வெளியார் அந்த மண்ணில் நடக்கலாம்.

வழி விவரமெல்லாம் எதிர்மேசையில் சேம்பு விற்ற அபொரோசா சொன்னது. அவன் அருவியடியிலிருக்கும் நைசவு ஊரைச் சேர்ந்தவன். அவன் ஊரும் உனைசியின் ஊரும் தவுவு முறை. பழங்காலத்தில் ஒரே தெய்வத்திலிருந்து கிளைத்தவை. தவுவுக்காரர்கள் ஒருவரையொருவர் எவ்வளவும் ஏசலாம். எவரும் சினம் கொள்ளலாகாது. அவர்களில் ஒருவர் கேட்டதை மற்றவர் மறுக்கவும் கூடாது.

காலைப் பற்றிய செய்தி கேட்ட அன்று அபொரோசா மேசைமீது ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"வெட்டின கால என்ன பண்ணப்போற?"

"உன் வாயில திணிக்கப்போறேன்."

"எங்க ஊருக்குக் குடுத்துடு. எங்க பாட்டன் காலத்துலேருந்து உங்க ஊர்லேருந்து ஒரு நண்டுகூட வந்ததில்ல. சேம்பு போட்டு வேகவெச்சா ஊரே சாப்பிடும்."

"எடுத்துக்கடா, பிசினாறி! ஒரு விரல் குறையும். அதுக்கு அப்புறம் வந்து சண்டை போடாத."

சந்தை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் உனைசி அவனைத் தொலைபேசியில் அழைத்தாள். அவன் சில நாள்களாகச் சந்தைக்கு வரவில்லை. நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டாள்.

"நாளைக்கு வராத, உனைசி. எங்க தலைவர் போயிட்டாரு. ஆத்த மூடிட்டோம். நூறு ராத்திரிக்கு யாரும் கால் வைக்கக் கூடாது."

"போன மாசம் அருவி வத்திப்போச்சுன்ன. அதுக்கு முந்தி பாலம் இடிஞ்சுபோச்சுன்ன. இப்போ தலைவரையே சாகடிச்சிட்டியா? உன் நாக்குல புழு வைக்க!"

அவன் தொடர்பைத் துண்டித்தான்.

"யங்கோனாவ நான் குடிச்சுத் தீத்துடுவேன்னு பயம் அவனுக்கு" என்று அவள் என்னிடம் சிரித்தாள். "தலைவர் செத்தா யாராச்சும் போன்ல சொல்வாங்களா, டீச்சர்? திமிங்கிலப் பல்லைக் கையில ஏந்திக்கிட்டு நாலு பேரு வந்து, பாயில உக்காந்துல்ல சொல்லணும்?"

அது சரியான வாதமென்றே எனக்கும் பட்டது. எங்கள் தீவில் வேறு எவரும் அப்படித்தான் எண்ணியிருப்பர்.

மறுநாள் காலைப் பேருந்தில் சென்றோம். வழியில் எதிரே ஒரு லாரி வந்தது. அதன் பின்புறத்தில் கறுப்பு உடையணிந்த ஆண்கள் சிலர், ஒருவரோடொருவர் பேசாமல், தலைகுனிந்து அமர்ந்திருந்தனர். நடுவிலிருந்தவர் மடியில் துணி சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. தேவாலயத்துக்குச் செல்கிறார்கள் போலும் என்றேன். உனைசி கையசைத்தாள். எவரும் திருப்பிக் கையசைக்கவில்லை.

நைசவில் இறங்கியபோது அருவியின் இரைச்சல் சாலைவரை கேட்டது. வேறு ஓசையே இல்லை. வீடுகளின் கதவுகள் சாத்தியிருந்தன. முற்றங்களில் குழந்தைகள் இல்லை. நாய்கள் இருந்தன, எங்களைப் பார்த்தன, ஆனால் குரைக்கவில்லை. நுழைவுக் கட்டணம் வாங்கும் குடிசையில் நாற்காலி மட்டும் இருந்தது.

"ஒளிஞ்சுக்கிட்டுப் பாக்கறான் பாருங்க, டீச்சர். ஊரையே கூட்டு சேத்துக்கிட்டான்" என்று உனைசி உரக்கச் சொன்னாள். வேர்க்கட்டைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, தடியை ஊன்றி நடந்தாள். காட்டுவழி தொடங்கும் இடத்தில் ஒரு கம்பு நட்டு, அதில் முடிச்சிட்ட தென்னங்கீற்றைக் கட்டியிருந்தார்கள். தடையின் அடையாளம் அது.

"இது வேறயா!" என்று தடியின் நுனியால் அதைத் தட்டிவிட்டு அவள் கடந்தாள். தயங்கினாலும், நானும் பின்தொடர்ந்தேன்.

நெருங்க நெருங்க அருவியின் இரைச்சல் கூடியிருக்க வேண்டும். மாறாக, அது குறைந்துகொண்டே வந்தது. நடுவே மலைமுகடு ஒன்று மறைப்பதாக நான் எனக்கே காரணம் கூறிக்கொண்டேன். ஓர் ஓடையைக் கடந்தோம். உனைசியின் கட்டு நனைந்துவிடாமலிருக்க, பிளாஸ்டிக் பையை இறுகக் கட்டிவிட்டேன். அதற்கப்பால் வழி முழுவதும் தட்டையான கரும்பாறை.

அந்தப் பாறையின்மீது ஈரத்தடங்கள் இருந்தன. எங்களுக்கு முன்னால், அருவியை நோக்கி. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன். எல்லாத் தடங்களும் இடது பாதத்தினுடையவை. வலது பாதம் எங்குமே பதியவில்லை. ஒவ்வொரு தடத்திலும் நான்கு விரல்களே இருந்தன. சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

உனைசி கட்டுப்போட்ட தன் பாதத்தைத் தூக்கி, ஒரு தடத்தின் அருகே பிடித்துப் பார்த்தாள், கீழே வைக்கவில்லை. நீளம் ஒன்றே.

"அவனோட வேலையாத்தான் இருக்கும்" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது.

வழியின் கடைசி வளைவில், ஒரு வேர்முண்டின்மீது அபொரோசா உட்கார்ந்திருந்தான். முகத்திலும் மார்பிலும் கரி பூசியிருந்தான். கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தான். அந்த ஊரில் தலைவரை அடக்கம் செய்யும் குடும்பம் அவனுடையது. அடக்கம் செய்தவர்கள் தம் கையால் உண்ணவும் கூடாது, பேசவும் கூடாது என்பதை நாங்கள் இருவரும் அறிவோம். எனினும் அவனை அந்நிலையில் நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

"என்னடா, மூஞ்சியில சட்டிக் கரி? பொண்டாட்டி அடுப்புக்குள்ள தள்ளிட்டாளா?"

அவன் அவளையே பார்த்தான்.

"உன் தவுவுக்காரி வந்திருக்கேன். ஒரு வசவுகூடவா இல்ல உங்கிட்ட?"

அவன் உதடு அசையவில்லை.

"அபொரோசா" என்றாள் உனைசி. பழகிய இத்தனை ஆண்டுகளில் அவள் அவனைப் பெயர்சொல்லி அழைத்ததை நான் அன்றுதான் கேட்டேன். "ஏதாச்சும் சொல்லேன்."

அவன் எழுந்தான், வழியைவிட்டு விலகி நின்றான். அவனுக்குப் பின்னே இலைகளெல்லாம் அருவிச்சாரலில் நடுங்கிக்கொண்டிருந்தன. இன்னும் பத்துப் பதினைந்து அடி நடந்தால் போதும். அவள் வாழ்நாளெல்லாம் தள்ளிப்போட்டது கண்முன் நிற்கும். ஈரத்தடங்களும் அவனைக் கடந்து அந்த வளைவுக்குள்தான் சென்றன.

உனைசி நெடுநேரம் நின்றாள்.

"தவுவுக்காரி கேட்டா அவனால மறுக்க முடியாது, டீச்சர்" என்று மெல்லச் சொன்னாள். "அதனாலதான் நான் கேக்கக் கூடாது."

வேர்க்கட்டை அவன் காலடியில் வைத்தாள். சிரமப்பட்டுக் குனிந்து, உள்ளங்கைகளைக் குழித்து, ஓசை எழாதவாறு தட்டினாள். பிறகு திரும்பி நடந்தாள். நான் மட்டும் பாறையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓடையைக் கடந்து வந்த எங்கள் ஈரத்தடங்கள் முற்றும் காய்ந்திருந்தன. அந்த நான்குவிரல் தடங்கள் காயவில்லை.

ஈஸ்டர் கழிந்ததும் காலை எடுத்தார்கள். அன்று பிற்பகல் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நைசவு ஊரார் நால்வர் பாய் விரித்து அமர்ந்தனர். மூத்தவர் திமிங்கிலப் பல்லை இரு கைகளிலும் ஏந்தி, உனைசியின் மகனிடம் நீட்டினார்.

"எங்க பையன் கேட்டான். உங்கம்மா தர்றேன்னாங்க. வாங்கிட்டுப் போக வந்திருக்கோம்."

"விளையாட்டுக்குச் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கீங்களா?" என்று மகன் சீறினான். மூத்தவரின் முகத்தில் விளையாட்டு இல்லை.

படுக்கையிலிருந்து உனைசி குரல் கொடுத்தாள். "குடுத்துடு, தம்பி. வாய் குடுத்தது நான்தான்."

அதை மரப்பட்டைத் துணியில் சுற்றி, ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்துச் சென்றார்கள். கடைசி வளைவுக்கு அப்பால், அருவி முழுவதும் தெரியும் இடத்தில் புதைத்ததாகப் பின்னர் சொல்லி அனுப்பினார்கள்.

இல்லாத கால் வலிப்பது இயல்பு என்று செவிலி விளக்கினாள். ஆனால் உனைசி வலி என்று சொல்லவில்லை. "நனையுது, டீச்சர்" என்றாள். ஒருநாள், எங்கள் ஊரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது, கணுக்கால்வரை குளிர்கிறது என்று போர்வை கேட்டாள். நைசவு ஆற்றில் வெள்ளம் என்று மாலை வானொலி அறிவித்தது.

நூறு இரவு கழிந்த பின் அபொரோசா சந்தைக்கு வந்தான். இளைத்திருந்தான். சேம்பை அடுக்கி முடித்துவிட்டு, எதிர்மேசையில் ஊன்றுகோலோடு அமர்ந்திருந்த உனைசியை ஏறிட்டுப் பார்த்தான்.

"ஏ கிழவி! உன் கால் எங்க ஊர்ல அடங்கிக் கிடக்க மாட்டேங்குது. பொழுது சாஞ்சா பாறை மேல நடக்குது. நாய்ங்கெல்லாம் வீட்டுக்கடியில போய் ஒளிஞ்சுக்குது. வந்து ஒரு அதட்டு அதட்டிட்டுப் போ."

சந்தை வெடித்துச் சிரித்தது. உனைசியும் கண்ணில் நீர்வரச் சிரித்தாள். நான் அபொரோசாவைப் பார்த்தேன். தவுவுக்காரனின் முகத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ள இயலாது.

சிரிப்பு அடங்கியதும் அவள் மேசைத்துணியை எடுத்து, காலில்லாத பக்கத்தில் குனிந்து, சிமெண்டுத் தரையைத் துடைத்தாள். துணியைப் பிழிந்தபோது தண்ணீர் கொட்டியது.

"அடுத்த வியாழக்கெழம பஸ்ஸுல வர்றேன்னு அதுகிட்ட சொல்லு" என்றாள். "இந்தத் தடவை காணிக்கைய வாங்கிக்க ஆளு இருக்கணும்டா, சோம்பேறி. டீச்சர், அந்த மரத்தடியில உக்காந்து சாப்பிட என்ன கொண்டுபோகலாம்?"