பனியில் ஒரு ஃபிளாஸ்க் ரசம்

என் கணவருக்கு வாழைப்பழத்தைக்கூட நான்தான் உரித்துக் கொடுத்தேன் என்று சொன்னால் அது மிகை. ஆனால் ரொம்பவும் மிகை இல்லை. இருபத்தாறு வருடமாக, தட்டை வைத்து, தண்ணீர் வைத்து, "வாங்க" என்று நான் குரல் கொடுத்தால்தான் மேசைக்கு வருவார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு சனிக்கிழமை காலை தோசையைப் பிய்த்துக்கொண்டே, தெற்குத் தீவில் மலைப்பாதைச் சைக்கிள் பந்தயம் ஒன்றில் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார். பத்து நாள், பனி விழும் கணவாய்கள், யார் உதவியும் கிடையாது. நான் சிரித்துவிட்டேன். இரண்டாவது தோசைக்கு அவர் தட்டை நீட்டவில்லை. அதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை, கல்லில் இருந்த தோசையைத்தான் கவனித்தேன்.

அதற்கு முந்தைய வருடம் அவருக்கு வேலை போயிருந்தது. பதினைந்து வருடம் ஒரே கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதித்தவர். 'ரீஸ்ட்ரக்சர்' என்று மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லி, கேக் வெட்டி வழியனுப்பினார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தார். மகள் வெலிங்டனில் படிக்கப் போயிருந்தாள், நான் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். திரும்பி வரும்போது, நான் விட்டுப் போன அதே நாற்காலியில் உட்கார்ந்து வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சைக்கிள் வந்தது அந்த நாட்களில்தான். எங்கள் வீடு இருக்கும் பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து கிளம்பி மேற்கே வைட்டாக்கரே மலைகளுக்குப் போய், முழங்கால் வரை சேற்றோடு வருவார். முகத்தில் மறுபடி களை வந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பிறகு வேறொரு வேலை கிடைத்தது, முன்பைவிடச் சின்ன வேலை. சைக்கிளை விடவில்லை.

என் சந்தோஷம் கெட்டது அந்த மெஷின் வந்த பிறகு. சாப்பாட்டைக் காயவைக்கிற பெட்டி. என் சமையலறையில், என் மிக்ஸியை ஓரமாகத் தள்ளிவிட்டு அதை வைத்தார். நான் வைத்த சாம்பாரைச் சோற்றில் பிசைந்து, தட்டில் பரப்பி, அதற்குள் தள்ளிப் பதினான்கு மணி நேரம் வாட்டினார். அப்பளத் துண்டு மாதிரி எதுவோ வெளியே வந்தது. அதைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பையில் போட்டார். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட பாரம் என்று பாதியாக வெட்டினார். நான் பருப்புப் பொடி இடித்து ஒரு சின்ன டப்பாவில் கொடுத்தேன். கையில் வாங்கி எடை பார்த்தார். "வேண்டாம்மா, வெயிட்" என்று மேடையிலேயே வைத்துவிட்டார்.

வெயிட். இருபத்தாறு வருடச் சமையலுக்குக் கிடைத்த சான்றிதழ்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம், இரவுச் சாப்பாட்டின்போது பந்தய விதிகளை எனக்கு விளக்கினார். நான் கேட்காமலேயே அவர் பேசுவது அபூர்வம். எனவே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"கடையில வாங்கலாம். மோட்டல்ல தங்கலாம். வழியில முன்பின் தெரியாத யாராவது அவங்களா கூப்பிட்டு டீ குடுத்தா குடிக்கலாம். ஆனா எனக்குன்னு யாரும் ஏற்பாடு பண்ணி வந்து நிக்கக் கூடாது. வீட்டு ஆளுங்க, ஃப்ரெண்ட்ஸ், யாரும்."

"நின்னா?"

"லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க."

"யாரு பார்க்கப் போறாங்க?"

"யாரும் பார்க்க மாட்டாங்க. நாமளே சொல்லணும். அப்படித்தான் நடக்குது இது."

நான் ஒரு கேள்வி கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சவங்க, உங்களுக்குத் தெரியாதவங்க, அவங்க குடுத்தா?"

அவர் சிரித்தார். "அதுவும் தப்புதான்" என்றார். அந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டதாகப் பின்னால் சொன்னது அதைத்தான்.

பந்தயத்தில் ஒவ்வொருவர் சைக்கிளிலும் ஒரு கருவியைக் கட்டிவிடுகிறார்கள். ஆள் எங்கே இருக்கிறார் என்பது இணையத்தில் வரைபடத்தின் மேல் ஒரு புள்ளியாகத் தெரியும். நகர்ந்தால் பச்சை, நின்றால் சாம்பல். மகள் எனக்கு லிங்க்கை அனுப்பி, எப்படிப் பார்ப்பது என்று வீடியோ காலில் சொல்லிக் கொடுத்தாள். நான் ஹென்டர்சனில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். வயதானவர்களுக்கு வாரத்துக்கான மாத்திரைகளை நாள் வாரியாக, வேளை வாரியாக அட்டைக் குழிகளில் அடுக்குவது என் வேலை. மேசையில் ஒரு பக்கம் மாத்திரை, இன்னொரு பக்கம் போனில் என் கணவர்.

வீட்டிலிருந்த மனிதரை இத்தனை உன்னிப்பாக நான் பார்த்ததே கிடையாது. காலை ஐந்தரைக்குப் பச்சையாவார். ஒன்பது மணிக்கு ஏதோ ஒரு ஊரில் இருபது நிமிடம் சாம்பல். காப்பியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். முதல் கணவாயில் முப்பத்தோராவதாக இருந்தார், நாலாம் நாள் பதினேழாவதாக ஆகிவிட்டார். ஐம்பத்து மூன்று வயது. அவருக்கு முன்னால் போகிற புள்ளிகள் மேலெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. அவருக்குப் பின்னால் நெருங்கி வந்த ஒரு புள்ளியை, அது யார் பெற்ற பிள்ளையோ, வழுக்கி விழட்டும் என்று ரயிலில் உட்கார்ந்து சபித்தேன்.

சாயங்காலம் போன் செய்வார். இரண்டு நிமிடம்தான். ஆனால் குரல் வேறு. "இன்னைக்கு ஒரு ஏத்தத்துல சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டே போனேன்" என்பார். வேலை போனதிலிருந்து அவர் குரலில் ஒரு மன்னிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது, எதற்கென்று தெரியாத மன்னிப்பு. அது போயிருந்தது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "நான் பார்த்துக்கறேன், நீ சாப்பிடு" என்றார். ஐந்து நாளும் இதே பதில். போனை வைத்த பிறகு நான் ஒருத்திக்காகச் சோறு வைக்கப் பிடிக்காமல் ரொட்டியை வாட்டித் தின்றேன்.

ஆறாம் நாள் டான்சீஸ் கணவாய். வசந்த காலம் என்று பெயர்தான், தெற்கே பனி கொட்டியது. காலை பத்து மணிக்குக் கணவாய்க்குக் கீழே அவர் புள்ளி சாம்பலானது. பத்தரை. பதினொன்று. பதினொன்றரை. போன் எடுக்கவில்லை, அங்கே சிக்னல் கிடையாது. ஒருவருடைய செவ்வாய்க்கிழமை மாத்திரையைப் புதன் குழியில் போட்டேன். சரிபார்க்கிற பெண் அதைப் பிடித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மதிய இடைவேளையில், அந்தக் கணவாய்க்குப் பக்கத்து ஊரான ஓமாருவுக்குப் போன் செய்தேன். அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண். முன்பு ஹென்டர்சனில் இருந்தபோது எங்கள் கடைக்கு மருந்து வாங்க வருவாள், அப்படிப் பழக்கம். என் கணவரைப் பார்த்ததே இல்லை. அதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

"ஓம் அக்கா, இண்டைக்கு எனக்கு லீவுதான். இப்பவே ரசம் வைக்கிறன். என்ர மனுசனும் வீட்டில நிக்கிறார், காரில போறம். அண்ணையை எப்பிடி அடையாளம் பிடிக்கிறது?"

"மஞ்சள் ஜாக்கெட். இந்தப் பனியில அந்த ரோட்டுல நம்ம ஆளு வேற யாரும் வர மாட்டாங்க."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அக்கா."

நாலரை மணிக்கு ஒரு போட்டோ வந்தது. பின்னால் முழுக்க வெள்ளை. அவர் தாடியில் பனி. கையில் ஃபிளாஸ்க்கின் மூடி, அதிலிருந்து ஆவி. கீழே, "அண்ணை முதல் வேண்டாம் எண்டுதான் சொன்னவர் அக்கா. நான் விடேல்லை. ரெண்டு கப் குடிச்சவர். எலுமிச்சஞ்சோறும் சாப்பிட்டவர்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த நாட்டின் அந்தக் கோடியில், பனிக்கு நடுவே, என் புருஷன் சூடாக ரசம் குடிக்கிறார், குடிக்க வைத்தது நான். போட்டோவை விரலால் பெரிதாக்கினேன். அவர் உதடு சிரித்துக்கொண்டிருந்தது. விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டில் உப்பு அதிகமாக இருந்தால் இதே சிரிப்போடுதான் சாப்பிட்டு முடிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். போட்டோவைப் பழைய அளவுக்கே சுருக்கிவிட்டேன்.

ஆறரைக்கு அழைத்தார்.

"நீதான் அனுப்புனியா?"

"நின்னுட்டே இருந்தீங்க. பனி வேற. நான் என்னன்னு நினைக்கறது?"

"செயின் அறுந்துடுச்சு. ஒரு ஷெட்ல உட்கார்ந்து சரி பண்ணிட்டிருந்தேன்." பின்னால் காற்று இரைந்தது. "அந்தப் பொண்ணு ஒரு மணி நேரம் ரோட்டுல நின்னிருக்கு. கையெல்லாம் நடுங்குது. அண்ணை அண்ணைன்னு நீட்டுது. எப்படி வேண்டாம்னு சொல்லிட்டு வர முடியும்?"

"அதான் குடிச்சீங்கள்ல. நல்லா இருந்துச்சா?"

"ரூல் தெரியும்ல உனக்கு?"

"அதெல்லாம் எனக்கு எப்படிங்க ஞாபகம் இருக்கும்?"

நானே தொடர்ந்தேன்.

"யாரும் பார்க்கலைல்ல. சொல்லாம விட்டுடுங்க" என்றேன்.

"சொல்லிட்டேன்" என்றார்.

போன் துண்டித்த பிறகு பட்டியலைத் திறந்தேன். பதினேழாம் இடத்தில் வேறொருவர் பெயர். இவர் பெயர் எல்லோருக்கும் கீழே, ஒரு கோட்டுக்கு அடியில். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு கப் ரசம்! அதில் என்ன, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மருந்தா கலந்திருந்தது? இதென்ன பந்தயம், பசித்தவனுக்குச் சோறு போட்டால் குற்றம் என்று? மகளை அழைத்துக் கத்தினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பாவிடம் கேட்டுவிட்டுச் செய்தாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளும் அவள் ஆங்கிலமும் என்று போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் போனைத் திறந்தால் புள்ளியையே காணோம். பட்டியலிலிருந்து வெளியேறியவர்கள் கருவியை அணைத்துவிடலாமாம். அணைத்துவிட்டார். ஓமாருப் பெண் ஆசையாக, "அண்ணை இப்ப எங்க அக்கா?" என்று கேட்டு அனுப்பியிருந்தாள். நல்லா இருக்கார் என்று பதில் போட்டேன். அவளிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.

நாலு நாள். வரைபடத்தில் மற்றவர்கள் எல்லோரும் நகர்ந்தார்கள். இவர் திரும்பி வருகிறாரா, எங்காவது பஸ் பிடித்தாரா, எதுவும் தெரியாது. சாயங்காலம் போன் கிடையாது, "பத்திரம்" என்று ஒரு வார்த்தை மட்டும் வரும். கடையில் மாத்திரைகளை அடுக்கிக்கொண்டே இருந்தேன். பத்தாம் நாள் மதியம் செய்தி வந்தது. "முடிச்சுட்டேன். ஞாயிறு வரேன்." மிச்சமிருந்த கணவாய்களையும் ஏறியிருக்கிறார், இடமும் இல்லாமல், பெயரும் இல்லாமல், யாரும் பார்க்காமல். நானும் பார்க்காமல்.

இதுவரை எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. புள்ளி சாம்பலாக நின்றது, நான் பயந்தேன், போன் செய்தேன் என்று எழுதியிருக்கிறேன். வேலையிடத்திலும், மகளிடமும், அவரிடமும் அப்படித்தான் சொன்னேன். பதினொன்றே முக்காலுக்குப் புள்ளி பச்சையாகிவிட்டது. கணவாயை நோக்கி மெதுவாக ஏற ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்தேன். அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிறகு இடைவேளை வரும்வரை கால் மணி நேரம் காத்திருந்துதான் ஓமாருவுக்குப் போன் செய்தேன். விதியும் நினைவிருந்தது, நான் கேட்ட கேள்வியும் நினைவிருந்தது, அவர் சொன்ன பதிலும் நினைவிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது நிஜம்தான். ஆனால் அந்த மனிதர் நான் இல்லாமலேயே நன்றாக இருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவருக்கும் தெரியும். எத்தனை மணிக்கு மறுபடி கிளம்பினார் என்று அவருக்குத் தெரியாதா? நான் எத்தனை மணிக்குக் கூப்பிட்டேன் என்று அந்தப் பெண் பேச்சோடு பேச்சாகச் சொல்லாமலா இருந்திருப்பாள்? ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். நாலு கிலோ இளைத்து, மூக்கு நுனி கறுத்து. நான் அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்திருந்தேன், ரசத்தைத் தவிர. தட்டை வைத்தேன், தண்ணீர் வைத்தேன், "வாங்க" என்றேன். வந்தார். நான் வைத்த தட்டுக்கு முன்னால் உட்காரவில்லை. அலமாரியைத் திறந்து வேறொரு தட்டை எடுத்தார். அடுப்பு மேடையில் நின்று தானே சோறு போட்டு, குழம்பு ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நன்றாக இருக்கிறது என்றார். சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைக் கழுவி, துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்றும் அப்படித்தான். கோபமே கிடையாது, குரலும் உயராது. நானும் தினமும் அவருக்குத் தட்டை வைக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் அதைக் கழுவாமலே திரும்ப எடுத்து அடுக்குகிறேன்.