படி இல்லாத பம்பர்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நான் செய்ததை மட்டும் திருத்திப் படிக்காதீர்கள்.

கன்னியம்மா அக்காவின் இடுப்பு எலும்பு உடைந்ததற்கு நான்தான் காரணம். மழை அல்ல. வாளி அல்ல. நான்!

குப்பத்தில் எல்லோரும் அதை விபத்து என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.

பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஊரூர் குப்பத்தில்தான் பிறந்தேன். அங்கேயேதான் இருக்கிறேன். சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வண்டி உண்டு. தினமும் காலையில் மயிலாப்பூரில் ஒரு சமையல் காண்டிராக்டரிடம் போய், கல்யாண வீடுகளுக்கு அண்டா, காய்கறி, இலைக்கட்டு ஏற்றிச் செல்வது என் பிழைப்பு. போகும்போது வண்டி காலிதானே... அதனால் மீன் விற்கும் பெண்கள் நான்கு பேர் கூடையோடு பின்னால் ஏறிக்கொள்வார்கள். மந்தைவெளியில் இறங்கித் தெருத் தெருவாகப் போவார்கள்.

அவர்களில் மூத்தவர் கன்னியம்மா அக்கா. அறுபது வயது, முழங்கால் வலி. என் பழைய பம்பரில் கால் வைக்க அகலமான படி இருந்தது. அதில் ஒரு கால் வைத்து, "எம்மாடி" என்று ஒரு மூச்சு விட்டு மேலே வந்துவிடுவார். இறங்கும்போது சில நாள் இரண்டு சங்கரா மீனைப் பையில் போட்டு என் சீட்டில் வைப்பார். வீட்டில் குழம்பு வைத்து நன்றாகத்தான் தின்றேன்.

ஆனால் அந்தக் கூடைத் தண்ணீர்! தரையின் இடுக்கெல்லாம் செதில். எவ்வளவு சோப்புத்தூள் போட்டுக் கழுவினாலும் போகாது.

ஒருநாள் அந்தக் காண்டிராக்டரின் மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஏன்யா, கவிச்சி நாத்தம் குடலைப் புடுங்கறது! நாலு பேர் சாப்பிடற எடத்து வாசல்ல இதைக் கொண்டுவந்து நிறுத்தலாமோ?"

நான் தரையைப் பார்த்தேன். அன்று என் சட்டையை நானே முகர்ந்து பார்த்தேன். கையை முகர்ந்தேன். அதே வாடை. சின்ன வயதில் வகுப்பில் பக்கத்துப் பையன் இப்படித்தான் மூக்கைப் பொத்தினான். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன்... உங்களிடம் இரக்கம் வாங்கவா? இருக்கலாம். வேண்டாம், கொடுக்காதீர்கள். மேனேஜர் ஒரே ஒருநாள் மூக்கைப் பொத்தினார். அதன் பிறகு அந்தப் பெண்களைப் பார்த்து தினமும் மனதுக்குள் பொத்திக்கொண்டவன் நான்!

"நாளையிலிருந்து ஏறாதீங்க அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. டீக்கடையில் சர்க்கரை போட மறந்தால்கூடக் கேட்காமல் குடித்துவிட்டு வருகிறவன் நான்.

அப்போதுதான் அடையாறு சிக்னலில் ஒரு தண்ணீர் லாரி பின்னால் இடித்தது. பம்பர் இரண்டாக மடங்கிவிட்டது. எனக்குள் ஒரு சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான்!

புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் ஒரு பாய் இரண்டு பம்பர்களை எடுத்துப் போட்டார். ஒன்று என் பழையது போலவே, படி வைத்தது. இன்னொன்று உயரமான உருண்டைக் குழாய், பளபளப்பானது.

"பின்னாடி ஆளுங்க ஏறுவாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். சரக்கு மட்டும்தான்."

"ஏறுனா சொல்லு நைனா. படி வச்சது உன் வண்டிக்கின்னே பொறந்த மாரி கீது. அது சும்மா ஷோக்கு. கால் வச்சா வழுக்கும்."

நான் அந்தக் குழாயைத் தடவிப் பார்த்தேன். வழுக்கத்தான் செய்தது. அதனால்தான் அதைக் கேட்டேன்.

மனிதர் விடவில்லை. "சரி, அதுலயே ஒரு படி வெல்டு அடிச்சித் தரட்டா? ஒரு டீ குடிக்கிற நேரம்."

"வேணாம் பாய்."

ஒரு டீ குடிக்கிற நேரம்... அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

மறுநாள் கன்னியம்மா அக்கா வண்டியின் பின்னால் கூடையோடு நின்றார். "இன்னா நைனா இது, காலு வைக்க எடமே காணோம்?"

"இதுதான் கெடச்சுது அக்கா. படி வச்சது இப்ப வர்றதில்லியாம்."

பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். "நாம ஏறக்கூடாதுன்னு கம்பெனிக்காரனுக்கு யாரோ போன் போட்டுச் சொல்லிகிறாங்க!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரே வாரத்தில் மற்ற மூன்று பேரும் ஷேர் ஆட்டோவுக்குப் போய்விட்டார்கள். கன்னியம்மா அக்கா போகவில்லை. நான் சொன்னதை நம்பியவர் அவர் ஒருவர்தான். ஒரு காலி பெயிண்ட் வாளியின் பிடியில் கயிறு கட்டிக் கொண்டுவந்தார். அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே நின்று ஏறி, பிறகு கயிற்றால் வாளியை இழுத்துக்கொள்வார். "கெணத்துல தண்ணி எறைக்கிற மாரி கீது நைனா" என்று அதையும் வேடிக்கையாகச் சொல்வார்.

நான் சீட்டை விட்டு இறங்கவில்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப்போய் ஒரு கை பிடித்தால் என்ன குறைந்துவிடும்? இன்றைக்காவது இவர் வேண்டாமென்று விட மாட்டாரா... தினமும் இதுதான் என் நினைப்பு. நாற்பது நாளுக்கு மேல் இப்படியே பார்த்தேன்.

அந்த மழைநாளில் வாளி சேற்றில் நழுவியது. அவர் கை அந்தக் குழாயைப் பிடித்தது. வழுக்கியது. கண்ணாடியில் பார்த்தேன்.

இறங்கி ஓடினேன். இனிமேல் எழுதுவதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

என் கண் முதலில் அவரிடம் போகவில்லை. பம்பருக்குப் போனது! கூடை கவிழ்ந்து, பளபளப்பின் மேல் மீன் ரத்தமும் தண்ணீரும் வழிந்துகொண்டிருந்தன. செதில் ஒட்டியிருந்தது. என் கை தோளிலிருந்த துணியை எடுத்துத் துடைத்தது. ஒரு தடவைதான்... ஒரே ஒரு தடவை... அப்புறம்தான் திரும்பினேன். அவர் சேற்றில் கிடந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீனு போச்சே நைனா" என்றார். இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நான் துடைத்ததைப் பார்த்தாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியமில்லை.

இடுப்பில் கம்பி வைத்தார்கள். இப்போது நடப்பதற்கு வாக்கர். கூடை தூக்க முடியாது. வாசலில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு இறால் உரித்துக் கொடுக்கிறார். யாராவது என்னைக் குறை சொன்னால், "அவன் இன்னா பண்ணுவான்? கெடச்ச பம்பரைத்தான போட முடியும்?" என்று அவர்தான் சண்டைக்குப் போகிறார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். வாயைத் திறப்பதில்லை. தூ!

போன வாரம் கூப்பிட்டார். "நைனா, படி வச்சது வந்தா மாத்திடு. இந்த வாக்கர வுட்டதும் நான் உன் வண்டிலதான் வருவேன்."

புதுப்பேட்டைக்குப் போனேன். அந்தப் படி வைத்த பம்பர் அதே இடத்தில், அதே சுவரில் சாய்ந்து கிடந்தது. கொஞ்சம் துரு ஏறியிருந்தது. பாய் என்னை அடையாளம் கண்டு, "இன்னா நைனா, ஆள் ஏற ஆரம்பிச்சிட்டாங்களா?" என்றார். வெறுங்கையோடு திரும்பி வந்துவிட்டேன்.

ஏன்? துரு ஏறிய அதை மாட்டினால், அது இப்போது வந்ததல்ல, அப்போதே கடையில் இருந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும்... அதனால்தான். இடுப்பு உடைந்தது அவருக்கு. மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவன் நான்!

இன்று காலையும் அந்தக் குழாயைத் துடைத்தேன். வண்டியில் இப்போது மீன் வாடை இல்லை. யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. ஓட்டுகிற சீட்டில் நான்தான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதிய நாள்: ஐப்பசி 23, ஞாயிற்றுக்கிழமை.